நூத்தாச்சோ?

அண்மையில் ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயர் துஷி. நான் வேலை செய்த அதே ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி.

“மன்னிக்கோணும் அக்கா, என்னை உங்களுக்குத் தெரியாது. மனோர் பார்க் கோயிலிலை உங்கட அம்மாவைக் கண்டு நம்பர் வாங்கினனான். இஞ்சை லேசர் சேஃப்டி ட்ரெயினிங்கிலை ஒரு ஸ்லைட் காட்டினவை. ‘தமிழ்ச் சம்பவம்’ எண்டு அதுக்குத் தலைப்பு. அது நீங்களோ?”

“என்ன எழுதியிருக்கு அதிலை?”

வாசித்தாள். இரண்டு ஊழியர்கள் ஆங்கிலம் அல்லாத மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒரு சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் வேறொரு பொருளிலும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் கண் பாதிக்கப்பட்டது. ஆகவே ஆய்வுகூடத்துக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்.

“வேறை ஒண்டும் இல்லையோ?”

“இல்லை அக்கா. பிறகு கண்ணாடி எப்பிடிப் போடுறது எண்டு ஒரு ஸ்லைட்.”

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அந்த ஸ்லைட்டில் என்ன இல்லை என்று அன்றிரவே மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் இல்லை. காந்தம் இல்லை. பேராசிரியர் இல்லை. எங்கள் மொழி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. என் கண்ணை ஒரு பாடமாக்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததால் நானே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்றவள். சொன்னால் சிரிப்பார்கள், தலையில் ஒரு நரை இல்லை. ஆனால் லேசர் மேசையில் வேலை செய்கிறவளுக்கு இரண்டு கண்களும் வேண்டும். என்னிடம் ஒன்றும் மிச்சமும்தான் இருக்கிறது. மருத்துவ ஓய்வு என்று கடிதத்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியில் பிறந்தேன். நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அப்பா கடை போடுவதற்காகக் குடும்பத்தோடு லண்டனுக்கு, ஸ்ட்ரெதமுக்கு வந்தோம். பௌதிகம் படித்தேன், பிறகு ஒளியியல். பேராசிரியராக வரும் ஆசை எனக்கு இருந்ததில்லை. கருவிகளோடு இருக்கத்தான் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தேன். கண்ணாடி வில்லையை எப்படித் துடைப்பது என்பதையும் எப்போது துடைக்காமல் விடுவது என்பதையும் கற்றுக்கொள்வதிலேயே முதல் வருடம் போனது.

எங்கள் குழு செய்த வேலை இது. சாயம் கரைத்த ஒரு திரவத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அதன் மீது பச்சை லேசரைப் பாய்ச்சினால், சாயம் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு செம்மஞ்சளாக ஒளிரும். போதிய சக்தி கொடுத்தால் தனக்குள் ஓடும் ஒளியையும் அது பெருக்கத் தொடங்கும். ஒன்றாகப் போன ஒளி பலவாகத் திரும்பி வரும். இப்படிப் பெருக்குகிற திரவத்துக்குள் பொன்னின் நுண்துகள்களைப் போட்டால் என்ன நடக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

பொன் என்றவுடன் மஞ்சள் ஞாபகம் வரும். அவ்வளவு சிறிய துகளாக்கித் தண்ணீரில் விட்டால் அது பீட்ரூட் சாறு போலச் சிவப்பாக இருக்கும். துகளில் உள்ள எலெக்ட்ரான்கள் எல்லாம் வெளிச்சத்தின் தாளத்துக்குச் சேர்ந்து ஆடுவதால் வரும் நிறம் அது. அந்த ஆட்டம் துகளைச் சுற்றி ஒளியைக் குவித்துவைக்கிறது. பக்கத்தில் இருக்கும் சாய மூலக்கூறுக்கு அது லாபம், இன்னும் பலமாக ஒளிரும். ஆனால் மிகப் பக்கத்தில் போய்விட்டால் கதை தலைகீழ். சாயத்தின் சக்தியைப் பொன் வாங்கிச் சூடாக்கித் தின்றுவிடும், வெளிச்சமே வராது. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய கண்ணாடிச் சட்டை ஒன்று போட்டு, சாயத்தைச் சரியான தூரத்தில் நிறுத்திவைப்போம். சட்டை சரியில்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்போது சிவப்பு மாறி ஊதாவாகும். குப்பியை வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். பச்சை லேசரைத் தடுக்கும் செம்மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சிவப்பும் ஒன்றுதான், ஊதாவும் ஒன்றுதான்.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

லேசர் மேசையின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்கு ஒரு மூடி. மூடியின் விளிம்பில் விரல் நுனி அளவு காந்தச் சுவிட்ச். மூடியைத் தூக்கியவுடன் அது லேசரை முழுதாக நிறுத்திவிடும். எங்கள் லேசர் தொடர்ச்சியாக எரிவதில்லை. துடிப்புத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாள் முழுக்க அந்த அறையில் டிக் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருக்கும். மூடியைத் தூக்கினால் சத்தம் நிற்கும். நின்றதைக் காதால் கேட்ட பிறகே கண்ணாடியைக் கழற்றுவோம். அதுதான் ஒழுங்கு. யாரும் யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லை. அந்த நிசப்தமே போதும்.

ஒரேயொரு தொல்லை உண்டு. நின்ற லேசரைத் திரும்பப் போட்டால் அது சூடேறி நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குப்பியை மாற்றுவதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போய்விடும். நான் அதைத் தொல்லையாக நினைத்ததில்லை. பேராசிரியர் நினைத்தார்.

அவரைப் பற்றி நியாயமாகவே எழுதுகிறேன். குரலை உயர்த்தாதவர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நமக்கு வழிவிட்டு நிற்பவர். எல்லோருடைய பிறந்தநாளும் ஞாபகம் வைத்திருப்பார். யாருக்கும் எந்த உத்தரவும் போட்டதில்லை. யோசிப்பார், அவ்வளவுதான். “அந்த வரைபடம் வெள்ளிக்கிழமைக்குள் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசிக்கிறேன்.” “அந்த மாணவருக்கு வேறு குழு பொருத்தமாக இருக்குமோ என்று யோசிக்கிறேன்.” வெள்ளிக்கிழமை வரைபடம் அவர் மேசையில் இருக்கும். அந்த மாணவர் வேறு குழுவில் இருப்பார். முடிந்தபின் “அருமை, அருமை” என்பார்.

எங்கள் குழுவில் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தோம். செந்தில்தான் வைத்தார். காலையில் நான் உள்ளே வரும்போதே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்வார்:

“ஆரணி, அவர் யோசிச்சுட்டாருங்க.”

“ஐயோ. என்னவாம்?”

“சனிக்கிழமை ஆய்வுகூடம் காலியாத்தான இருக்கும்னு யோசிச்சாரு.”

அப்படியென்றால் சனிக்கிழமை வர வேண்டும் என்று அர்த்தம்.

செந்தில் ஈரோட்டுக்காரர். முனைவர் பட்டம் முடித்துவிட்டு எங்கள் குழுவில் ஒப்பந்தத்தில் இருந்தார். துகளுக்குச் சட்டை போடுவது அவர் வேலை. மேசையும் லேசரும் என் வேலை. நாங்கள் இருவரும் தமிழில் பேசுவோம். அவர் ‘பேசுவோம்’ என்பார், நான் ‘கதைப்பம்’ என்பேன். சேர்ந்த புதிதில் ஒருநாள், “நேத்து ப்ரொபசர் எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசினாருங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் பதறிப்போய், “அப்பிடி என்ன பிழை விட்டனீங்கள்?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு வாங்குவதென்றால் ஏச்சு வாங்குவது. அதை விளக்கியபின் செந்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் தொடங்கிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வாரம் செய்த குப்பிகள் மங்கலாக ஒளிர்ந்தன. செந்திலிடம் காரணம் கேட்டேன்.

“சட்டை மெலிசாப் போச்சுங்க. பொன்னு சாயத்தை அணைச்சுருது.”

“அணைக்குதோ? அப்ப நல்லதுதானே. எங்களுக்கு அணைக்கிறதெண்டால் கட்டிப்பிடிக்கிறது.”

“எங்களுக்கும் அதேதான். கட்டி அணைச்சாலும் அணைப்பு, லைட்டை அணைச்சாலும் அணைப்பு. இதுல பாருங்க, ரெண்டும் ஒண்ணாவே நடக்குது. பொன்னு சாயத்தைக் கட்டிப்பிடிக்குது, சாயம் அணைஞ்சுருது.”

இவ்வளவு கச்சிதமாக ஒரு பாடப்புத்தகமும் இதைச் சொல்லவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“சரி, அணைக்கிறதுன்னா உங்களுக்குக் கட்டிப்பிடிக்கிறது மட்டும்தான்னா, லைட்டை என்னதான் பண்ணுவீங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்தது. பேராசிரியர் வந்தார்.

மங்கலான முடிவுகளைப் பார்த்தார். பொன் எவ்வளவு தின்கிறதோ அதைவிட அதிகமாக ஊட்டினால் ஒரு கட்டத்தில் திரவம் எல்லையைத் தாண்டி லேசராகவே பாயும் என்பது அவர் நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை அல்ல. அதற்கு லேசரின் பலத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பல குப்பிகளை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடி, ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. அவர் மூடியைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். மென்மையாகச் சொன்னார்:

“அந்தச் சுவிட்ச் நமக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்று யோசிக்கிறேன்.”

பிறகு எங்கள் இருவருக்கும் வார இறுதி நன்றாகப் போனதா என்று விசாரித்துவிட்டுப் போனார். செந்தில் கேட்ட கேள்வி அப்படியே நின்றுவிட்டது. லைட்டை நாங்கள் என்ன செய்வோம் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை சுவிட்சின் மேல் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருந்தது. மூடி திறந்தாலும் மூடியிருப்பதாகவே சுவிட்ச் நம்பும். வைத்தவர் செந்தில். நான் ஒன்றும் மௌனமாக இருக்கவில்லை.

“இது சரியில்லை, செந்தில்.”

“எனக்கும் தெரியுங்க. ஆனா அவர் யோசிச்சுட்டாரே.”

நான் பேராசிரியரின் அறைக்குப் போனேன். இப்படிச் செய்வது விதிக்கு மாறு என்றேன். கவனமாகக் கேட்டார். “நீங்கள் கவலைப்படுவது எனக்கு மிகவும் மதிப்பானது” என்றார். பிறகு என்னோடு ஆய்வுகூடத்துக்கு வந்து, காந்தத்தைக் குனிந்து பார்த்து, செந்திலிடம் “அருமை, அருமை” என்றார். பாதுகாப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விடுமுறைக்குப் பிறகு வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

இனி மூடியைத் தூக்கினால் லேசர் நிற்காது. திரைக்குப் பின்னால் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பவர் கையால் ஒரு தகட்டை இறக்கி ஒளியை மறைக்க வேண்டும். லேசர் உள்ளே துடித்துக்கொண்டேயிருக்கும், சத்தமும் நிற்காது. ஆகவே மேசையில் நிற்பவர் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். நிசப்தம் இருந்த இடத்தில் ஒரு சொல்லை வைத்தோம். இந்தக் கதையில் நடந்த பிழை அதுதான். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

வழக்கமாக “ஆஃப்?” என்று கேட்பேன். “ஆஃப்” என்பார். விபத்து நடந்த அன்று மதிய இடைவேளையில் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுக் குசினி லைற்றை நூத்துப்போட்டுத்தான் வெளிக்கிட்டேனா என்று கேட்டிருந்தார். மின்சாரக் கட்டணம் ஏறிய காலம். அந்தச் சொல் வாயில் இருந்தது. எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பதில்லை, நூர்ப்போம்.

பிற்பகல், குளிரூட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. செந்தில் திரைக்குப் பின்னால் லேசரின் பலத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்: அறுபது, எழுபது, எண்பது. அடுத்த குப்பி ஊதாவாகியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். வெறும் கண்ணால் பார்க்க வேண்டும்.

“நூத்தாச்சோ?” என்று கத்தினேன்.

“ஆமா, ஆச்சு!” என்று பதில் வந்தது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூடியைத் தூக்கினேன்.

வலி இல்லை. கண்ணுக்குள் ஏதோ வெடித்த மாதிரி, பச்சையாக. குப்பியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒரு கீற்று. மூடியைப் போட்டேன். டிக் டிக் டிக் என்று அது தன் பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது. செந்திலைக் கூப்பிட்டேன். நிதானமாகத்தான் கூப்பிட்டேன் என்று அவர் பிறகு சொன்னார்.

கண் வைத்தியசாலையில் காத்திருக்கும்போது அவர் மெல்லக் கேட்டார்:

“நீங்க என்னங்க கேட்டீங்க?”

“நூத்தாச்சோ எண்டு. லைற்றை நூர்க்கிறது. நிப்பாட்டுறது.”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“நூறாச்சான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேங்க. அப்பத்தான் நூறுல வெச்சேன்.”

வலது கண்ணின் நடுவில் ஒரு புள்ளி போய்விட்டது. அந்தக் கண்ணால் மட்டும் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பார்த்தால் நடுவில் இருக்கும் ‘மி’ இல்லை. அது திரும்பி வராது என்று வைத்தியர் சொன்னார். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பாமல் பக்கத்திலேயே இருந்தார்.

பிறகு விசாரணை. அதற்கு முன்பே மனிதவள அலுவலர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். மொழிக் குழப்பம் என்று பதிவானால் யார் மீதும் குற்றம் வராது, எல்லோருக்கும் அதுவே நல்லது என்றார். சுவிட்ச் பற்றிப் பேசினால், காந்தத்தை வைத்தவர் யார் என்ற கேள்வி வரும். அனுமதியில்லாமல் பாதுகாப்புக் கருவியை முடக்குவது வேலை நீக்கத்துக்குரிய குற்றம். எவ்வளவு அன்பாகச் சொன்னார்!

செந்தில் இந்த நாட்டில் இருப்பதே அந்த வேலையின் பெயரில்தான். வேலை போனால் பல்கலைக்கழகம் குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்கும். அவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்குத் திராட்சைப் பழத்தோடு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். அம்மா தேநீர் கொடுத்தார்.

“தம்பி, நீர் ஏன் சாப்பிடாமல் மெலிஞ்சு போனீர்? கண் போனது இவளுக்கு.”

“அதான் ஆண்ட்டி சாப்பிட முடியல.”

அம்மா உள்ளே போனபின் என்னிடம் திரும்பினார்.

“லாங்குவேஜ்னே போட்டுடட்டும்ங்க. எனக்கு அது போதும். போன வருஷம்தான் வீட்டுல லோன் வாங்கி தங்கச்சி கல்யாணம் முடிச்சோம். நான் திரும்பிப் போய் நின்னா...”

“அப்ப அவருக்கு ஒண்டும் இல்லை. நாளைக்கு இன்னொரு ஆள் அந்த மூடியைத் திறக்கும்.”

“தெரியுங்க.”

“எனக்கு ஏலாது, செந்தில். மொழி எண்டு சொல்லி நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”

“அப்ப நான்?”

உண்மையைச் சொன்னால் அவர் போகிறார். பொய்யைச் சொன்னால் எங்கள் மொழி குற்றவாளி, பேராசிரியர் சுத்தம். அதற்குப் பிறகு பல நாள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்தபடியே இதையே யோசித்தேன். அந்தச் சொல் எனக்கு அப்போதே வெறுத்துவிட்டது, ‘யோசித்தல்’. அதில்தான் வழியும் இருந்தது.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் தலைவராக, மனிதவள அலுவலர், பாதுகாப்பு அலுவலரான ஒரு பெண்மணி. இந்தப் பக்கம் நான், செந்தில், எங்கள் பேராசிரியர். முதலில் என் சொல்லைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். நூத்தாச்சு, நூறாச்சு. பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். “எவ்வளவு ஒத்திருக்கின்றன!” என்று மனிதவள அலுவலர் வியந்தார். தமிழ் எழுத்தை அவர் வாசிக்கத் தெரிந்தவர் போல.

பிறகு காந்தம். பேராசிரியர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“அப்படி ஒன்றைச் செய்யும்படி நான் யாரையும் கேட்டதில்லை. வாய்விட்டு யோசித்தேன், அவ்வளவுதான்.”

செந்தில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கேள்வி கேட்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன். அனுமதித்தார். பேராசிரியரின் வாக்கியத்தை அவருடைய ஆங்கிலத்திலேயே, அவருடைய மென்மையோடேயே சொன்னேன். அந்தச் சுவிட்ச் நமக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்று யோசிக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதை மறுக்கவில்லை.

“இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.”

மனிதவள அலுவலர் சிரித்தார். “அது ஒரு கேள்வி. தகவல் கேட்கிறார்.”

தலைவர் கொஞ்சம் தயங்கினார். “கேள்வி என்று சொல்ல மாட்டேன். தன் கருத்தைச் சொல்கிறார்.”

பாதுகாப்பு அலுவலர் பேனாவை மேசையில் வைத்தார். பேராசிரியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“என் மேலதிகாரி என்னிடம் அப்படிச் சொன்னால், மதியத்துக்குள் செய்து முடித்திருப்பேன்.”

நான் சொன்னேன்:

“எங்கள் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்கிறீர்கள். அதுகூடச் சரியல்ல. அவை இரண்டு வேறு சொற்கள். இயந்திர இரைச்சலில், திரைக்கு அப்பால், ஒன்று மற்றதுபோலக் கேட்டது. இவருடைய வாக்கியத்தை அமைதியான அறையில், உங்கள் சொந்த மொழியில், மூன்று பேர் கேட்டீர்கள். மூன்று அர்த்தம் சொன்னீர்கள். அன்று அந்த ஆய்வுகூடத்தில் தெளிவில்லாமல் பேசப்பட்ட மொழி எது?”

பேராசிரியர் முதல்முறையாகக் கொஞ்சம் சிவந்தார். மறுநாள் காந்தத்தைப் பார்த்தீர்களா என்று தலைவர் அவரிடம் கேட்டார்.

“பார்த்திருக்கலாம். ஞாபகம் இல்லை.”

அப்போதுதான் செந்தில் தலையை நிமிர்த்தினார். வாயைத் திறக்கவே வேண்டாம் என்று அறைத்தோழர்கள் எல்லோரும் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“பார்த்தீர்கள், சார். குனிந்து பார்த்தீர்கள். அருமை என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நான்தான் வைத்தேன். நீங்கள்தான் பாராட்டினீர்கள்.”

நான் அன்று சொன்னதைவிட அது பெரிது. எனக்கு இழக்க இருந்தது ஏற்கெனவே போய்விட்டது. அவருக்கு எல்லாமே அந்த மேசையில் இருந்தது.

முடிவு வந்தது. செந்திலின் வேலை போகவில்லை. தலைவர் ‘அருமை’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாமல் நின்றிருக்க வேண்டும். நாங்கள் வென்றது அவ்வளவுதான். அறிக்கையின் முதல் காரணம் மொழி. சுவிட்ச் கடைசிப் பக்கத்தில் வந்தது: அது செயலிழந்திருந்தது, எவ்வாறு என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று. நான் முன்கூட்டியே அனுப்பிய மின்னஞ்சல் அதில் எங்கும் இல்லை. பாதுகாப்பு அலுவலர் அதற்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆங்கிலம் மட்டும் என்று சுவரில் ஓர் அறிவித்தல் மாட்டினார்கள். பேராசிரியருக்குப் பதவி உயர்வு. அவருடைய வாக்கியங்களைப் பற்றி எந்தச் சுவரிலும் எதுவும் மாட்டவில்லை.

செந்தில் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் பேசுவார். எப்போதும் கடைசியில் ஒன்றையே சொல்வார்: “உங்க கண்ணுதாங்க என் விசா.” அதை ஒருமுறைகூட நகைச்சுவையாகச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டார்.

துஷியிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்தபின் நான் கேட்டேன்:

“லைனிலை இருக்கிறீரோ?”

“ஓம் அக்கா.” குரல் மாறியிருந்தது. “இஞ்சை இப்ப புதுப் பெட்டி. பெரிய மூடி. ஆனா சுவிட்சிலை ஒரு காந்தம் இருக்கு. நான் வரேக்கையே இருந்தது. நான் அதைப் பெட்டியோடை வந்த சாமான் எண்டு நினைச்சன்.”

மொழியைத் திருத்திவிட்டார்கள், ஆகவே ஆபத்து தீர்ந்தது. பிறகு யார் சுவிட்சைப் பார்க்கப் போகிறார்கள்? அந்த அறிவித்தல் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை அதுதான்.

“எங்களுக்கு வெள்ளித் துகள் அக்கா. வெள்ளி பொன்னைவிட நல்லா ஒளியைக் குவிக்கும், ஆனா சாம்பிள் கெதியிலை பழுதாப் போயிடும். அடிக்கடி மாத்த வேணும். போன கிழமை உங்கட அதே ப்ரொபசர் சொன்னவர், நாங்கள் சாம்பிள் மாத்துற வேகம் போதுமோ எண்டு... எண்டு...”

“யோசிச்சவரோ?”

“ஓம். யோசிச்சவர்.”

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நேற்றுத் திரும்ப எடுத்தாள். மூச்சிரைக்க, எலிசபெத் லைன் ரயில் மேடையில் நின்றுகொண்டு, ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து கொட்டினாள். காலையில் பேராசிரியர் வந்தாராம். குழுவில் எல்லோரும் இருந்தார்களாம். இவள் காந்தத்தைச் சுட்டிக்காட்டி, “இது இங்கே இருக்க வேண்டும் என்பது உங்கள் உத்தரவா?” என்று கேட்டாளாம்.

“அவர் திகைச்சுப் போனார் அக்கா. ‘கடவுளே, இல்லை’ எண்டார்.”

“பிறகு?”

“அப்ப சரி எண்டு சொல்லிப்போட்டு, எல்லாருக்கும் முன்னாலை அதைக் கழட்டி மூடியைத் திறந்தன். டிக் டிக் எண்டது நிண்டுட்டுது. ஒரு சத்தம் இல்லை, அக்கா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ‘நூந்திட்டுது!’ எண்டு கத்திப்போட்டன். அந்த நோட்டிசுக்குக் கீழை நிண்டு.”

“ஐயோ பிள்ளை. அவர் என்ன சொன்னார்?”

“அதுக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டார்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

ரயில் வந்து நிற்கும் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலாக அவள் கத்தினாள்:

“ஒரேயொரு அர்த்தம்தான் எண்டு சொன்னன்!”